மூழ்குபவனும் கயிறு பிடிப்பவனும்

மன்னார்ப் பட்டினத்தை அடுத்துக் கடலோரமாக அமைந்துள்ள மீனவர் ஊர் பள்ளிமுனை. அவ்வூருக்கு வருவோர் ஒரு கணம் நின்று வியந்து பாராமற் போகாத பெருக்க மரமொன்று அங்கே உண்டு. ஆபிரிக்க மண்ணுக்குரிய அம்மரவினம் அராபிய வணிகருடன் கடல் கடந்து இக்கரையை அடைந்ததென்பர். உயரத்தினால் அது பெரிதன்று, பருமனினாலேயே பெரிது. அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர். பன்னிருவர் கைகோத்து நின்றாலன்றி அதனை வளைத்துப் பிடித்தல் இயலாது.

அம்மரத்தடியில் ஒரு மாலை நேரத்தில் சிறுவர் சிலர் கூடுகின்றனர் என வைத்துக்கொள்வோம். "நான்தான் பொலிஸ்" என்கிறான் ஒருவன். "அப்படியென்றால் நான் கள்ளன்" என்று மற்றவன் ஓடுகிறான். அடுத்த கணமே மரம் சிறைச்சாலையாகிவிடுகிறது. பூவரசந் தடி துப்பாக்கியாகிவிடுகிறது. அவர்களுக்கு வசனம் எழுதிக் கொடுத்தவர் எவருமில்லர். அவர்களைப் பார்த்துக் கைதட்டுவாரும் இல்லர். பொழுது சாய்கிறது. "தம்பி, இருட்டுப்பட்டுப் போச்சு, வா" என்று ஒரு தாய் குரல் கொடுக்கிறாள். கள்ளனும் பொலிசும் அக்கணமே மறைந்துபோக, தோளிற் கைபோட்டபடி இரு நண்பர்கள் வீடு திரும்புகின்றனர்.

வேறொருவனாகச் சிறிது நேரம் வாழ்ந்து, மீண்டும் தானாகத் திரும்பிவரும் இந்த வித்தை குழந்தைகள் எல்லார்க்கும் கைவந்தது. வயது ஏற ஏற நாம் அதனை இழந்துவிடுகின்றோம். இழந்ததை மீட்டுக்கொள்ள விரும்பிய வளர்ந்தோர் சிலர் வகுத்துக்கொண்ட விளையாட்டைப் பற்றியே இங்கு கூற விழைகின்றோம். ஆங்கிலத்தார் அதனை 'லார்ப்' எனச் சுருக்கி வழங்குவர். வேடமேற்று ஆடும் விளையாட்டு என நாம் கூறலாம். அதனைத் தொடங்குவதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. வேண்டியது யாதென்பதைப் போகப் போகக் காண்போம்.

மேனாட்டில் வளர்ந்த கதை

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டை வெளியிட்டனர். ஆடுவோர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் வீரனாகவும் மற்றவர் மந்திரவாதியாகவும் தம்மைப் பாவித்துப் பேசிக் கதையை நடத்துவர். ஐயம் வந்தவிடத்துப் பகடை உருட்டுவர். இருந்த இடத்திலிருந்தே பேசுவது சிலருக்குச் சலித்துவிட்டது போலும். 1977இல் வாஷிங்டன் நகரை அண்டிய பகுதியில் 'டாகோர்ஹிர்' என்னும் குழுவினர் பஞ்சணை போன்ற மென்பொருள் சுற்றிய வாள்களுடன் வெளியிற் புறப்பட்டனர். 1982இல் இங்கிலாந்தின் செஷயர்ப் பகுதியிலுள்ள பெக்போட்டன் கோட்டையில் 'ட்ரெஷர் ட்ரப்' என்னும் குழுவினர் தம் ஆட்டத்தைத் தொடங்கினர்.

வடஐரோப்பிய நாட்டினர் இவ்விளையாட்டை வேறொரு திசைக்குத் திருப்பினர். வாட்போரைக் காட்டிலும் மனிதர் ஒருவரோடொருவர் கொள்ளும் உறவே அவர்க்கு முதன்மையாகப்பட்டது. அகதியின் ஓரிரவு, ஒரு குடும்பத்தின் பிணக்கு என்பனவும் அவர்தம் ஆட்டங்களுக்குப் பொருளாயின. இத்துறையில் ஈடுபட்டோர் கூடும் மாநாடொன்று 1997இல் ஒஸ்லோ நகரில் முதன்முதலாக நடைபெற்று, பின்னர் நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகளில் மாறிமாறி நடைபெற்று வந்துள்ளது. டென்மார்க்கில் 2006இல் நிறுவப்பட்ட ஒஸ்டஸ்கோவ் என்னும் விடுதிப் பாடசாலையோ, வரலாறு முதலிய பாடங்களையே இவ்வாறு வேடமேற்று ஆடுவதன் மூலம் கற்பிக்க முற்பட்டது.

நமக்கு இது புதிதோ?

இவற்றைக் கேட்கும் மன்னார் முதியவர் ஒருவர் புன்னகை செய்தாலும் வியப்பில்லை. வேடம் பூண்டு விடியவிடிய ஆடுவது அவருக்குப் புதிதா? மன்னார்க் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் நாடகமும் வாசாப்பும் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்தவை. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இருவகை மரபுகள் அங்கே பேசப்படுவன. மூவிராசாக்கள் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் முதலிய மன்னார்ப் பிரதிகளைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்து வெளியுலகிற்கு அறிமுகஞ் செய்தார். பகலில் வலை இழுத்தவன் இரவில் அரசனாகக் கொலுவிருப்பான். அவனுக்கு அவ்வரசைத் தருபவர் அண்ணாவியார்.

இன்னும் நெருங்கிய உறவு வேறிடத்தில் உண்டு. கல்முனையை அடுத்த பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத் திருவிழாவில், பாண்டவராக விரதம் பூண்டோர் வனவாசம் செல்கையில் ஊரின் வீதிகளே காடாகின்றன. தமிழ்நாட்டில் பாரதக் கூத்து நடைபெறும் ஊர்களில், அருச்சுனன் தபசு நாளன்று வேடதாரி உயர்ந்த கம்பத்தின்மீது ஏறுகிறான். கீழே நிற்கும் பெண்கள் அவனைக் கூத்தனென்று கருதுவதில்லை, அருச்சுனனென்றே கருதி வரம் வேண்டுகின்றனர். பார்ப்போர் யார், ஆடுவோர் யார் என்ற எல்லை அங்கே அழிந்துபோகிறது.

எனினும் வேறுபாடு இரண்டு உள. கூத்தில் ஏட்டிலுள்ளதையே பாடவேண்டும். ஆட்டத்தின் முடிவும் முன்னரே தெரியும். இவ்விளையாட்டிலோ பாத்திரம் மட்டுமே தரப்படும். பேசவேண்டியதும் செய்யவேண்டியதும் ஆடுவோர் மனத்திலிருந்தே அவ்வப்போது பிறக்கும். கூத்துக்குச் சபை உண்டு. இவ்விளையாட்டுக்குச் சபையே இல்லை. வந்தவர் அனைவரும் வேடதாரிகளே. முடிவு எதுவாகும் என்பது அண்ணாவியாருக்கும் தெரியாது.

முதல் ஆட்டத்துக்கு ஒரு கதை

தொடங்க விரும்புவோர் செய்யும் முதற்பிழை, மிகப் பெரிய கதையைத் தெரிந்தெடுத்தலாகும். சோழப் பேரரசும் வேண்டாம். பறக்கும் நாகமும் வேண்டாம். நம் காலடியிலேயே கதை கிடக்கிறது. மன்னார்க் குடாவின் முத்துச் சலாபத்தை எடுத்துக்கொள்வோம்.

பெருநிலப் பரப்பின் கரையில் மரிச்சுக்கட்டி என்னும் இடத்தில், சலாப காலத்தில் ஓலைக் குடிசைகளாலான பட்டினமொன்று சில கிழமைகளுக்குள் எழும்பும். சலாபம் முடிந்ததும் மறையும். நள்ளிரவுக்குப் பின் தரைக்காற்றோடு வள்ளங்கள் புறப்படும்; சூரியன் எழுந்ததும் குளிப்புத் தொடங்கும்; நண்பகலில் நிறுத்திக் கடற்காற்றோடு கரை திரும்புவர். கல்லைக் காலிற் கொண்டு ஒருவன் அடியில் இறங்குவான். ஒரு நிமிடமளவில் எட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பான். மேலே நிற்பவன் இழுப்பான். சுறா தீண்டாதபடி மந்திரம் செபிக்கக் கடற்கட்டி என்பவர் இருந்தார். கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. ஒரு பங்கு குளித்தவருக்கு. அரசாங்கச் சிப்பி அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் கூறப்படும். உள்ளே முத்து உண்டோ இல்லையோ, வாங்குபவன் அறியான்.

1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 300க்கு மேற்பட்ட வள்ளங்களும் ஏறத்தாழ 5,000 முத்துக்குளிப்போரும் ஈடுபட்டனர். எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டு, பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ப் இளம் உத்தியோகத்தராக அங்கே கடமை புரிந்தார். 1907க்குப் பின்னர் பார்கள் பல ஆண்டுகள் வெறுமையாகவே கிடந்தன.

ஒரு செய்தி இங்கு நமக்கு மிகவும் வேண்டப்படுவது. கயிறு பிடிப்பவன் குளிப்பவனின் மைத்துனனாக இருத்தல் வேண்டும் என்பது இக்கடலோர வழக்கு என்பர். தன் உடன்பிறந்தாளின் தாலி தன் கையிலுள்ள கயிற்றிற் தொங்குகிறது என்பதை அவன் ஒருபோதும் மறவான் அல்லவா? நமது விளையாட்டின் தத்துவமும் அதுவே. வேறொருவனாக மாறுதல் என்பது மூழ்குதல். மேலே கயிறு பிடிக்க நம்பத்தக்கவர் ஒருவர் இருந்தாலன்றி எவரும் மூழ்கலாகாது.

பன்னிருவர் கூடுக

பன்னிருவர் போதும், அண்ணாவியார் ஒருவர் வேறாக இருப்பார். நேரம் இரண்டு மணித்தியாலம். அரசாங்க உத்தியோகத்தரான துரை ஒருவர், அவர் மொழியைப் பெயர்த்துச் சொல்பவர் ஒருவர், வள்ளத்துச் சம்மாட்டியார் ஒருவர், முத்துக்குளிப்போர் மூவர், கயிறு பிடிப்பவர் ஒருவர், கடற்கட்டி ஒருவர், கீழக்கரையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்த வணிகர் இருவர், குடிநீர் விற்பவர் ஒருவர், சோற்றுக்கடை வைத்திருக்கும் பெண்ணொருத்தி. பழைய கூத்தில் பெண் வேடத்தையும் ஆடவரே கட்டினர். இங்கு அக்கட்டுப்பாடில்லை, துரையாக ஒரு பெண்பிள்ளை அமர்ந்தால் ஆட்டம் இன்னும் சுவைக்கும்.

மட்டக்களப்புக் கூத்து மரபில் சட்டங்கொடுத்தல் என்றொரு சடங்குண்டு. இன்னார்க்கு இன்ன பாத்திரம் எனப் பகிர்ந்து, அவரவர் பகுதியை அண்ணாவியார் கையிற் கொடுப்பார். நமது அண்ணாவியாரும் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் கடதாசி கொடுக்கட்டும். அதில் மூன்று மட்டுமே எழுதப்பட வேண்டும்: அவனுக்கு வேண்டியது யாது, அவன் மறைப்பது யாது, அங்குள்ளோரில் அவனுக்கு உறவு யார். குளிப்பவன் ஒருவனுக்கு இவ்வாறு எழுதலாம்: "நீ சம்மாட்டியாரிடம் முன்பணம் வாங்கியவன், கடனை இப்பருவத்திலேயே தீர்க்கவேண்டும். உன் காதில் நோவு, ஒருவருக்கும் சொல்லவில்லை. உன் கயிற்றைப் பிடிப்பவன் மைத்துனன். நேற்றிரவு அவனோடு வாய்ச்சண்டை."

மைத்துனனுக்கோ இவ்வாறு: "அத்தானின் காது நோவை நீ கண்டுவிட்டாய். சம்மாட்டியாரிடம் சொன்னால் அவர் நாளைக்கு அவனைக் கடலுக்கு விடமாட்டார்; கடன் தீராது. சொல்லாவிட்டால் என்ன நேருமோ?"

இவ்விரு துண்டுகளே ஒரு மாலைக்குப் போதுமான நாடகத்தைத் தம்முள் அடக்கியுள்ளன.

பொருள்களுக்கு அலையவேண்டாம். வெற்றுத் தீப்பெட்டிகள் 30 சேர்த்தால் அவையே சிப்பிகள். மூன்றினுள் மட்டும் ஒவ்வொரு வெண்மணி இட்டு எல்லாவற்றையும் கலந்துவிடுக. சாரமும் சால்வையும் வீட்டிலுள்ளவை. துரைக்கு ஒரு தொப்பி. குளிப்பவர் மணலில் முழந்தாளிட்டுக் கண்ணை மூடிக் கயிற்றின் ஒரு நுனியைப் பிடிப்பார். மறு நுனியைப் பிடிப்பவர் ஐம்பது வரை எண்ணுவதற்குள் பனையோலைக் கடகத்திலிருந்து தடவித் தடவித் தீப்பெட்டிகளை எடுப்பார். உண்மைக் கடலுக்குள் இறங்குதலும், மூச்சடக்கிப் போட்டி வைத்தலும் அறவே கூடா. பின்னர் 20 பெட்டிகள் துரையின் மேசைக்கு, பத்து குளித்தவர்க்கு. அப்பத்தில் சம்மாட்டியாருக்கு எத்தனை என்பதை அவர்களே வாதாடி முடிக்கட்டும். இறுதியில் ஏலம். எல்லாம் விற்றபின்பே பெட்டிகளைத் திறத்தல் வேண்டும்.

மூன்று கட்டுப்பாடுகள்

முதலாவது: எவரேனும் "கயிறு" என்று உரத்துச் சொன்னால் ஆட்டம் அக்கணமே நிற்கவேண்டும். ஏன் என்று கேட்டலாகாது; நகைத்தலாகாது. "மெல்ல" என்றால், ஆட்டம் தொடரும், ஆயின் கடுமை குறையவேண்டும். வடஐரோப்பிய ஆட்டங்களிலும் நிறுத்தவும் தணிக்கவும் இவ்வாறே இரு சொற்கள் வழங்குகின்றன.

இரண்டாவது: ஒருவரையும் இணக்கமின்றித் தொடலாகாது. சண்டை வந்தால் சொல்லளவில் நிற்கட்டும். கத்தியும் தடியும் உண்மையானவையாக இருத்தல் ஆகாது. கள் அருந்தியவருக்குக் களத்தில் இடமில்லை.

மூன்றாவது: களத்துப் பகை களத்தோடு போகவேண்டும். ஆட்டம் முடிந்ததும் அனைவரும் முகங் கழுவி வட்டமாக அமர்ந்து, தம் சொந்தப் பெயரைச் சொல்லி, தாம் ஏற்ற பாத்திரத்தைப் பற்றி ஓரிரு வார்த்தை பேசுதல் நன்று. "நான் துரையாக இருந்தபோது ஒருவரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, அது எனக்கு வேதனையாக இருந்தது" என்று ஒருவர் கூறலாம். "அத்தானின் காது நோவை நான் சொல்லவில்லை, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது" என மற்றவர் கூறலாம். பின்னர் தேநீர். இந்த அரைமணி நேரத்தைத் தவறவிட்டவர், குளித்தவனை நீருக்குள்ளேயே விட்டுவந்தவர் ஆவார்.

விளையாட்டுத்தானே, இத்தனை கட்டுப்பாடு ஏன் என்று சிலர் வினவக்கூடும். 2009இல் முடிவுற்ற போரைக் கடந்துவந்தவை இக்கரையோர ஊர்கள். இடம்பெயராத குடும்பம் அரிது. இழப்பறியாத வீடும் அரிது. வேடமென எண்ணி ஒருவன் ஏற்கும் பாத்திரம், மற்றவனின் ஆறாத புண்ணை அறியாமற் தொட்டுவிடல் கூடும். காவலரணும் சோதனைச் சாவடியும் மேனாட்டு இளைஞருக்கு விறுவிறுப்பான கதை, நமக்கு அவ்வாறன்று. ஆதலால் தொடக்கத்தில் போர்க் கதைகளை எடுத்தலாகாது. அத்தகைய துயரைக் கலையாற் தொட முயன்றவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள்; குழந்தை ம. சண்முகலிங்கம் 1991இல் ஆக்கிய 'அன்னை இட்ட தீ' போரினால் விளைந்த உளக்காயத்தைப் பேசிய நாடகம். அத்தகைய பணி அனுபவமிக்கோர் துணையுடன் செய்யத்தக்கது. புதிதாய்த் தொடங்குவோர் தம் ஆழத்தை அறிந்து இறங்குதலே அறிவுடைமை.

விளைவது யாது?

பொழுது போகும், கூச்சமுள்ளவர் நாவு திறக்கும், பாட்டன்மார் பேசிய சலாபக் கதைகள் பேரப்பிள்ளைகள் வாயில் மீண்டும் உலவும். இவையெல்லாம் நற்பயன்களே. ஆயினும் தலையாய பயன் வேறொன்று.

முதலாட்டம் நன்கு அமைந்தபின், நம் காலத்துக் கதையொன்றை எடுப்போம். அடிமடி இழுவை முறை இலங்கையில் 2017இல் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. ஆயினும் பாக்குநீரிணைக்கு அப்பாலிருந்து வரும் இழுவைப் படகுகளினால் தம் வலைகள் அறுபடுவதாக மன்னார்ச் சிறுதொழில் மீனவர் பல்லாண்டுகளாக முறையிட்டு வந்துள்ளனர். அவர்தம் துயர் மெய்யானது. அதே வேளை, அவ்விழுவைப் படகில் நிற்பவன் படகுக்குச் சொந்தக்காரனாகவும் இராமல், கூலிக்கு வந்த ஒரு தமிழ்த் தொழிலாளியாகவும் இருத்தல் கூடும். பள்ளிமுனை இளைஞனொருவன் அக்கூலியாளின் வேடத்தை ஒரு மாலை ஏற்கட்டும். அறுந்த வலைக்குரியவராக இன்னொருவர் எதிரே அமர்ந்து, "தம்பி, எங்கட வலை அறுந்தது உனக்குத் தெரியுமா?" என்று கேட்கட்டும். அவன் என்ன மறுமொழி சொல்வான்? அதை எழுதிக் கொடுக்க ஏடு எதுவுமில்லை. அவனே தேடிக்கொள்ள வேண்டும்.

அதனால் வழக்குத் தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. வலைக்குரியவர் தம் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றும் கூறவில்லை. பிறனொருவன் நிற்கும் இடத்தில் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தவன், பின்னர் தன் வழக்கை உரைக்கும்போது அதனை முன்னிலும் தெளிவாக உரைப்பான். வெறுப்புச் சற்றுக் குறைந்தவனாகவும் உரைப்பான். நமக்குப் பிடிக்காத பாத்திரமே நாம் ஏற்கவேண்டிய பாத்திரம் என்பது இவ்விளையாட்டில் தேர்ந்தோர் அனுபவத்தாற் காணும் உண்மை.

ஆகவே வாசகர்களே, அடுத்துவரும் விடுமுறைநாளில் பன்னிருவரைக் கூட்டுங்கள். பெருக்க மரம் இல்லாத ஊரில் ஆலமரம் இருக்கும். அதுவும் இல்லையேல் வீட்டு முற்றம் போதும். தீப்பெட்டிகளைச் சேர்க்கும் வேலையைச் சிறுவரிடம் விட்டுவிடுங்கள். வேடத்துக்கு ஆள் தேடுமுன், கயிறு பிடிக்கத் தக்கவர் யார் என்பதை மட்டும் முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள். அவர் கிடைத்துவிட்டால் ஆட்டம் பாதி முடிந்ததாகவே கொள்ளலாம்.